சூடு ஆறும் வரை

செக்கானூரணி பால் சங்கத்தில்
விடியுமுன் நாலேமுக்காலுக்கு
லாக்டோமீட்டர் பிடிப்பவன் நான்.
மிதக்கும் கண்ணாடிக்குக் கண்ணைத் தாழ்த்தி
எண் சொல்வேன்.
இருபத்தெட்டு. இருபத்தொன்பது.
இருபத்துமூன்று என்றால் தண்ணீர்.
மாயக்காள் என் ஏழு தலைமுறையை இழுத்து வைவாள்,
மறுநாள் அதே கேனோடு வருவாள்.
சோதனை வைத்ததால்
எந்தப் பாலுக்கும் மானம் போனதில்லை.

சனிக்கிழமை ராத்திரி
மாட்டுத்தாவணிப் பக்கம் ஓர் அறை.
வீரணன் என்று பேர் சொன்னான்.
ஆணுறை கிழிந்ததை
எல்லாம் முடிந்த பிறகுதான் பார்த்தோம்.
அவன் பேசாமல் சட்டையைத் தேடினான்.
நான் குழாயடியில்
கேன் கழுவுகிற மாதிரி
என்னைக் கழுவிக்கொண்டே நின்றேன்.
கழுவினால் போவது வாடை மட்டும்.

ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தேன்.
திங்கள் காலை
மாயக்காள் பாலுக்கு முப்பத்தொன்று சொல்லிவிட்டேன்.
அவளே நம்பவில்லை.

மதியம் பெரியாஸ்பத்திரி.
நம்பிக்கை மையம் என்ற பலகையை
மூன்று முறை கடந்து போனேன்,
தெரிந்த முகம் எதுவும் வந்துவிடுமோ என்று.
நாலாவது முறை கால் தானாக உள்ளே போனது.

ஆலோசகர் அருள்சீலி
யாரோடு என்று கேட்கவில்லை.
எத்தனை மணி நேரமாச்சு என்றார்.
விரல் மடக்கினேன். முப்பத்தெட்டு.
"எழுபத்திரண்டுக்குள் வந்துட்டீங்க.
ஆனா சனி ராத்திரியே வந்திருக்கலாம்,
அவசரப் பிரிவு தூங்குறதில்ல."
ஒரே தடவையில் வந்துவிடுமா என்றேன்.
"வராமலும் போகலாம். வரவும் வரலாம்.
அந்த 'லாம்'க்குத்தான் மாத்திரை.
நாளைக்கு ஒண்ணு, இருபத்தெட்டு நாள்."

இருபத்தெட்டு.
நல்ல பாலின் எண்.

அன்றைக்கே எடுத்த ரத்தம் சுத்தம் என்றார்கள்.
அப்போ சரிதானே என்று எழுந்தேன்.
உட்காருங்க என்றார்.
இது சனிக்கிழமைக்கு முந்தைய என்னைச் சொல்லும் தாளாம்.
ஆறு வாரம் கழித்து ஒன்று,
மூன்று மாதத்தில் ஒன்று,
அவைதான் அந்த ராத்திரியைப் பற்றிப் பேசுமாம்.

"கறந்த சூட்டோட கருவியை விட்டா
எண் தப்பாக் காட்டும் மேடம்.
ஆற விடணும்."
பேனாவை நிறுத்தினார்.
"இதை நான் அடுத்தவங்களுக்கும் சொல்லிக்கவா?"

மாத்திரை டப்பாவை
மடிவீக்க மருந்துகளுக்கு நடுவில் ஒளித்தேன்.
எந்த மாட்டுக்கு என்றாள் மதினி.
என் வயிற்றுக்கு என்றேன்.
முதல் வாரம் குமட்டல் அதை உண்மையாக்கியது.
ஒன்பது மணி அலாரம் அடிக்கும்போதெல்லாம்
டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அண்ணன் மகன் என் டம்ளரில் வாய் வைத்தபோது
பிடுங்கிவிட்டேன். அழுதான்.
டம்ளரில் இல்லை, தட்டில் இல்லை,
கொசுவில் இல்லை, கட்டிப்பிடித்தால் இல்லை
என்று அருள்சீலி சொன்னதுதான்.
காது கேட்டது.
கை கேட்கவில்லை.

வீரணனுக்கு எழுதினேன்:
பெரியாஸ்பத்திரி, காசு கேட்கமாட்டார்கள், போய்ப் பார்.
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.
எட்டு நாள் கழித்து
எந்தக் கட்டிடம் என்று மட்டும் கேட்டான்.

ஆறாம் வாரத் தாள் சுத்தம்.
முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மாத்திரையும் உண்டாம்,
எல்லாம் முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம் என்றார்.
எல்லாம் என்பது வரும் வியாழன்.

இன்று செவ்வாய். நாலேமுக்கால்.
மாயக்காள் கேனை இறக்குகிறாள்,
மூடியைத் திறந்தால் ஆவி.
கொஞ்சம் பொறு, ஆறட்டும் என்கிறேன்.
"எனக்கு நேரமாகுதுடா."
எனக்கும்தான் ஆத்தா.
இருவரும் நிற்கிறோம்,
பாலைப் பார்த்தபடி.